மாறங்குறிச்சிக்கு வந்த கட்டாரி

மாசி மாதத்து முழுநிலவு ஆற்றின் மேல் மெல்ல எழுந்து, அந்தியின் செவ்வொளியோடு தன் வெண்ணொளியையும் குழைத்து அலைகளின் மீது பூசிக்கொண்டிருந்த வேளையில், மாறங்குறிச்சிக் கோட்டையின் மேல்மாடத்தில் நின்ற அன்னமயில் நாச்சியாரின் கண்கள் அந்த அழகில் லயிக்கவில்லை. துறையைக் கடந்து வந்த ஒற்றைக் குதிரையின் மீதே அவை நிலைத்திருந்தன.

அன்பு வாசகர்களே! கும்பெனியாரை எதிர்த்துப் பதினொரு பாளையக்காரர்கள் சத்தியம் செய்திருந்த காலம் அது. அவர்களை ஒன்றுசேர்த்தது மாறங்குறிச்சிப் பாளையக்காரர் சீவலமாறத் தேவரின் வாள் என்று நாடு எண்ணியது. சேர்த்ததோ அவர் மனைவி அன்னமயில் எழுதிய ஓலைகள். யார் யார் என்பதைக் கணவரிடமும் சொல்வதில்லை என்று வாக்குப் பெற்ற பிறகே அந்தப் பதினொருவரும் சத்திய ஓலையில் கைச்சாத்திட்டார்கள். அது பகைவரிடம் சிக்கினால் பதினொரு தலைகளும் தூக்குமரத்துக்குப் போகும்.

வந்தவன் தன் பெயர் உக்கிரப்பன் என்றான்.

"எல்லைப் பாசறையிலிருந்து மூன்று நாள் இடைவிடாமல் வருகிறேன், நாச்சியார். சத்திய ஓலையை என்னிடம் கொடுத்தனுப்ப தேவர் மகாராஜாவின் உத்தரவு."

பணிப்பெண் சடைச்சி நாச்சியாரின் காதோரம் குனிந்தாள். "மூணு நாளு குதிரையில வந்த மூஞ்சியா தாயி இது? விருந்துச் சோறு தின்னுட்டு வந்தவன் மாதிரியில்ல மினுமினுங்குறான்!"

"அடையாளம்?" என்றாள் அன்னமயில்.

அவன் இடைக்கச்சையிலிருந்து யாளிமுகப் பிடியுள்ள கட்டாரி ஒன்றை எடுத்து நீட்டினான்.

அவள் உள்ளம் ஒரு கணம் நெகிழ்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், போர்முனையை விட்டு வர இயலாத தேவர் தமக்குப் பதிலாக அனுப்பியது அந்தக் கட்டாரியைத்தான். பாளையக்காரர் குலங்களில் அது வழக்கம். மணவறையில் அதை அவளருகே வைத்து, பிடியில் மஞ்சள் நூல் சுற்றி, தேவரின் தமக்கை தாலி முடிந்தாள்.

கட்டாரியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளின் கை அப்படியே நின்றது. சந்தன வாசம்! யாளியின் பிடரிச் செதுக்கலுக்குள் ஈரம் காயாத மஞ்சள்! நூலை அவிழ்த்தவன் பிடியைத் துடைக்க மறந்திருந்தான். ஒன்பது ஆண்டுப் போரில் கழுவிக் கழுவித் தேய்ந்த கட்டாரியில் இந்த மஞ்சள் யாருடையது?

அன்னமயில் புன்னகை செய்தாள்.

"கல்யாணச் செய்தி எங்களுக்கும் வந்தது. நாற்பது வயது வரை வீட்டில் கிடந்த பெண்ணுக்கு ஒரு கட்டாரியாவது கிடைத்ததே!"

"கிடந்தவளா? என் தங்கைக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது!" என்று சீறியவன், சீறிய பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ, மச்சானா நீங்க! முன்னாடியே சொல்லியிருந்தா ஆரத்தி கரைச்சிருப்பேனே!" என்று சடைச்சி கைகொட்டினாள்.

கும்பெனியாரின் பீரங்கிகளுக்கு வழிகாட்டி வரும் ஊத்துப்பாறைப் பாளையத்தின் இளவல் கடம்பத் துரைதான் அவன். இனி மறைக்க எதுவுமில்லை என்று அவனும் நிமிர்ந்தான்.

"தேவர் இப்போது கும்பெனியாரின் நண்பர். மனைவிக்குத் தெரிந்தது தமக்குத் தெரியாத அவமானம் அவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஓலையைக் கொடுங்கள். அரண்மனையில் மூத்தவளாகவே இருக்கலாம்."

அன்னமயிலின் விழியோரம் பளபளத்தது. கணவரின் முகம் நெஞ்சில் எழுந்தது. கூடவே தன்னை நம்பிய பதினொரு முகங்களும் எழுந்தன. விழி உலரும் வரை அவள் ஆற்றைப் பார்த்து நின்றாள். பின்பு கோட்டைத் தலைவர் கருத்தப்பாண்டிச் சேர்வையை அழைத்தாள்.

"துரையைக் கீழறையில் வையுங்கள். உறவுமுறை ஆகிவிட்டார், சோற்றுக்குக் குறை வைக்காதீர்கள். கோட்டைக் கதவு இனி எவருக்கும் திறக்கக் கூடாது."

சேர்வை தயங்கினார். "மகாராஜாவே வந்து நின்றால், நாச்சியார்?"

அவள் கட்டாரியை இடையில் செருகிக்கொண்டாள்.

"நான் மாலையிட்டவர் வந்து சேர்ந்துவிட்டார், சேர்வையே. வாசலில் வந்து நிற்பவர் வேறு யாரோ. பீரங்கியை வாசலை நோக்கித் திருப்பி வையுங்கள்!"