குப்பைவண்டிக்கு வந்த காய்ச்சல்

பொருநைக்கரையில் நடந்துபோகிறவர்களுக்குக் காய்ச்சல் வருவதில்லை. நகரப் பதிவு அப்படித்தான் சொன்னது. ஐந்து மாதத்தில் கார்களுக்கு வந்தது, ஆட்டோக்களுக்கு வந்தது, ஒரு பள்ளி வேனுக்கு இரண்டு முறை வந்து குணமானது. கடைசி ஒன்பது நாளாக அவற்றுக்கும் வரவில்லை. இன்று பகல் பதினொரு மணிக்கு, தொற்று நீங்கிய முதல் நகரம் இதுதான் என்று ஆணையர் நிறைமதி அறிவிக்கப்போகிறார்.

காலை ஏழு மணிக்குப் பேச்சித்தாய் தன் குப்பைவண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சுவாயிலுக்கு முன்னால் வந்து நின்றாள். வண்டியின் மறுகைப்பிடியை இசக்கியம்மாள் பிடித்திருந்தாள். நான்கு பீப்பாய்களையும் இரண்டு முறை கழுவி, ஒன்றில் மட்டும் பழைய தலையணையைப் போட்டிருந்தார்கள்.

மூச்சுவாயில் என்பது சாலையின் இருபுறமும் நிற்கும் இரண்டு வெள்ளைத் தூண்கள், நடுவே ஓர் இரும்பு மேடை. வாகனம் மேடையில் ஏறி நின்றதும் தூணிலிருந்து ஒரு நீண்ட குழாய் ஜன்னல் வழியாக நீண்டுவரும். உள்ளே இருப்பவர் அதில் ஊதவேண்டும். ஒன்பதே நொடியில் பச்சை அல்லது சிவப்பு. சிவப்பானால் மேடைக்கு அடியிலிருந்து கொக்கிகள் வந்து சக்கரங்களைப் பூட்டும். தூணின் வயிற்றிலிருந்து ஒரு மூக்குத்தூவி விழும். காந்தல் காய்ச்சலுக்கு இருந்த ஒரே மருந்து அதுதான். முதல் ஐந்து நாளுக்குள் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நகரத்துப் பிள்ளைகள் குழாயைத் தும்பிக்கை என்றார்கள். "ஆனகிட்ட ஆசி வாங்கியாச்சா?" என்பது அந்த ஊரில் நலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது.

அந்த வாயில் ஒரு வீம்பில் பிறந்தது. பரிசோதனை முடிவுக்குத் தலைநகரம் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. முடிவு வரும்போது ஆள் இருக்கமாட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பொருநைக்கரை, தானே கட்டிக்கொண்டது. தலைநகரம் தொலைவிலிருந்து நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக, வாயிலின் கட்டளைகளை மாற்ற ஒரே ஒரு சாவியை வைத்தார்கள். அது ஆணையரின் மூச்சு. அவரே நேரில் வந்து ஊதினால்தான் உண்டு.

ஊரே அந்த வீம்பைக் கொண்டாடியது. பேச்சித்தாயும் அன்றைக்குக் கைதட்டியவள்தான்.

அவளுக்கு இன்று நான்காம் நாள். மீன் சந்தைக் கழிவு மூட்டையை அவிழ்த்தபோது எந்த நாற்றமும் தெரியாமல், ஏதோ கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. "குடுத்து வச்சவ எக்கா நீ" என்று முதலில் இசக்கிதான் சிரித்தாள். சாயங்காலம் உடம்பு கொதித்ததும் சிரிப்பு நின்றது. அவர்கள் இருக்கும் தண்ணித்தொட்டித் தெருவில் அறுபத்திரண்டு வீடு, ஒரே குழாய். பல வீடுகளில் காய்ச்சல். போன வாரம் சண்முகவடிவு செத்துப்போனாள். தூக்கத்தில் நேர்ந்த மரணம் என்று எழுதிப்போனார்கள்.

மூன்று நாளும் பேச்சித்தாய் நடந்துவந்து மேடையில் ஏறி நின்றாள். மூன்று நாளும் வாயில் ஒரே குரலில் சொன்னது: "வாகனம் இல்லை. நன்றி."

வாயிலை இயக்கும் அறையிலிருந்து ஆவுடையப்பன் எட்டிப்பார்த்தான். இருபத்தாறு வயது. அந்தக் குரலை வாயிலுக்குப் பொருத்தியவனே அவன்தான்.

"எக்கா, என்ன இது? குப்ப வண்டிய எதுக்கு இங்கன கொண்டாந்தீங்க?"

"ஊதத்தான்."

"இது வண்டி இல்லக்கா."

பேச்சித்தாய் குனிந்து வண்டியின் அடியில் தட்டினாள். உள்ளங்கையளவு கறுப்பு வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. நகரத்தின் எல்லா வாகனங்களிலும் இருக்கும் தடவில்லை. அது போன தடம், நின்ற இடம், நின்ற நேரம் அத்தனையும் அதில் பதிவாகும். துப்புரவு வண்டிகளுக்கு அதை இரண்டு வருடம் முன்பு ஒட்டினார்கள், எந்த வாசலிலாவது நிற்காமல் ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க.

"போன மாசம் ரெண்டு வீட்டுல நிக்கலன்னு என்னிய கூப்ட்டு வச்சு ஏசுனாவளே, இத பாத்துத்தான ஏசுனாவ? அன்னைக்கு இது வண்டி. இன்னைக்கு மூச்சு விடணும்னா வண்டி இல்லையோ?"

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எக்கா, பதினோரு மணிக்கு மேடம் அறிவிக்கப் போறாங்க. நீங்க இப்ப ஏறி, ஒருவேள சிவப்பு வந்துட்டா..."

"ஒருவேளையா? தொட்டுப் பாரும், நெத்தி அடுப்பாட்டம் கெடக்கு."

இசக்கி இடையில் புகுந்தாள். "தம்பி, எங்கள நிறுத்தணும்னா வெளிய வந்து கையப் புடிச்சு நிறுத்தும். கையுற மறக்காம போட்டுக்கிடும், எனக்கும் நேத்துலேந்து தொண்ட கமறுது."

அவன் வரவில்லை. பேச்சித்தாய் பீப்பாய்க்குள் இறங்கித் தலையணைமேல் உட்கார்ந்தாள். வெளியே தெரிந்தது முகமும் தோளும் மட்டுந்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சப்பரத்தில் எழுந்தருளும் அம்மனைப்போல் இருந்தாள் என்று இசக்கி பின்னாளில் எல்லோரிடமும் சொன்னாள்.

வண்டி மேடையேறியது. வாயில் ஒரு கணம் யோசித்தது.

"வாகனம் உள்ளது. ஓட்டுநர் ஊதவும்."

தும்பிக்கை இறங்கிவந்தது. பேச்சித்தாய் ஊதினாள். நான்கு நாள் வெந்துகிடந்த மூச்சு.

"வாகனத்துக்குத் தொற்று. பதினான்கு நாள் தனிமை."

கொக்கிகள் எழுந்து குப்பைவண்டியின் சக்கரங்களைக் கவ்வின. மூக்குத்தூவி ஒன்று தொப்பென்று தட்டில் விழுந்தது. பேச்சித்தாய் அதை எடுத்து அங்கேயே மூக்கில் அடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது, மருந்தின் எரிச்சலோ வேறெதுவோ.

அறையில் ஆவுடையப்பனின் திரையில் தடக்கோவை விரியத் தொடங்கியிருந்தது. வாயிலின் மிகப் பெருமைக்குரிய உறுப்பு அது. சிவப்பான வாகனம் ஒன்பது நாளில் எங்கெல்லாம் பத்து நொடிக்குமேல் நின்றதோ, அந்த முகவரியின் எல்லா வாகனங்களையும் நின்ற இடத்திலேயே பூட்டிவிடும். கார் என்றால் பத்து முகவரி வரும், பதினைந்து வரும்.

குப்பைவண்டி அறுநூற்றுப் பதினான்கு வாசலில் நின்றிருந்தது. ஒரு வாசலையும் விடாமல். அத்தோடு தினமும் மதியம் நகரத்தின் இருநூற்றுச் சொச்சம் குப்பைவண்டிகளும் ஒரே களத்தில் கூடிக் கொட்டுகின்றன. அவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எல்லா வாசலிலும் நின்றிருந்தன; அந்தத் தடங்களையும் கோவை தொடர்ந்தது.

திரையில் நகரம் தெருத் தெருவாக மஞ்சளானது. முதலில் அலுவலர் குடியிருப்பு, பிறகு கடைவீதி, பேருந்துப் பணிமனை. வீடுதேடிச் சென்று பரிசோதித்துப் பூட்டை விடுவிக்கும் நடமாடும் குழுவின் வேன்களும் பூட்டிக்கொண்டன. அவர்கள் அலுவலகத்திலும் குப்பை உண்டல்லவா. கடைசியாக, மாலை போட்டு அலங்கரித்து நின்ற ஆணையரின் கார்.

தொலைபேசி அலறியது.

"ஆவுடையப்பன், என்ன நடக்குது அங்க?"

"மேடம், ஒரு வண்டிக்குச் சிவப்பு."

"எந்த வண்டி?"

"குப்ப வண்டி மேடம்."

"அத மேடையிலேந்து தள்ளி விடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

கொக்கிகளைக் கையால் தளர்த்தும் நெம்புகோல் அவன் காலடியில்தான் இருந்தது. ஆவுடையப்பன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். பேச்சித்தாய் பீப்பாயிலிருந்து இறங்கியிருந்தாள். இசக்கி ஏறிக்கொண்டிருந்தாள். பூட்டிய வண்டி மேடையிலேயே நின்றதால், வாயிலின் கணக்கில் அங்கே வாகனம் இருந்தது. அதே வாகனத்துக்கு மறுபரிசோதனை எத்தனை முறையும் செய்யலாம். அந்த விதியை எழுதியவனும் அவன்தான். சிவப்பு வந்தவர்கள் சந்தேகப்பட்டுச் சண்டை போடுவார்கள் என்று எழுதியது.

"நெம்புகோல் இறுகிப்போச்சு மேடம்" என்றான். "நகரவே மாட்டேங்குது."

போனை வைத்துவிட்டு, நெம்புகோலின்மேல் தன் சாப்பாட்டுப் பையை மாட்டினான்.

சேதி தண்ணித்தொட்டித் தெருவுக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நடந்து வந்தார்கள். நடக்க முடியாதவர்களை முதுகில் தூக்கி வந்தார்கள். வீட்டுவேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், பூக்கட்டுகிறவர்கள், சைக்கிள்கூட இல்லாத வாத்தியார் ஒருவர். வாகனமெல்லாம் பூட்டிக்கிடந்த நகரத்தின் நடுச்சாலையில் வரிசை வளர்ந்தது. அவர்களைத் தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. பதிவிலேயே இல்லாதவர்களை எதைக் கொண்டு பூட்டுவது?

ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து ஊதினார்கள். கூட்டம் நெருக்கும்போதெல்லாம் பேச்சித்தாய் பீப்பாயின் விளிம்பில் துடைப்பக்கட்டையால் தட்டினாள். "ஏ, தள்ளி நில்லு! குப்ப போட மட்டும் நாலடி தள்ளி நிப்பிய, இப்ப என்ன ஒட்டுத?"

பதினொரு மணி வந்து போனது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை.

ஒரு மணிக்கு ஆணையர் நிறைமதி நடந்து வந்துசேர்ந்தார். நான்கு கிலோமீட்டர் வெயில். காலணியைக் கையில் பிடித்திருந்தார். நேராகத் தூணிடம் போய்ச் சொன்னார்: "நான் ஆணையர். கட்டளை மாற்றம்."

வண்டிக்கு வெளியே நின்றவரிடம், "வாகனம் இல்லை. நன்றி" என்றது வாயில்.

வரிசை மொத்தமும் சிரித்தது. சிரித்ததில் பாதிப்பேர் இருமினார்கள்.

"வண்டி இங்கன இருக்கு, வாங்கம்மா" என்றாள் பேச்சித்தாய். "ஆனா வரிசையில வாங்க. அந்தா, நீலச் சேல கட்டுனவளுக்குப் பொறத்தால."

"உங்களுக்கு இது புரியலம்மா. ஊர் முழுக்க நின்னு கெடக்கு. நான் ஊதினா எல்லா வண்டியும் ஓடும்."

"ஓடும். இந்த வண்டியும் ஓடிரும்லா? அப்பொறம் இவியெல்லாம் எதுல ஏறி ஊத?"

நிறைமதி ஆவுடையப்பனைப் பார்த்தார். அவன் சாப்பாட்டுப் பையைத் திறந்து எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்திருந்தான். அவர் வரிசையைப் பார்த்தார். அதன் முடிவு தெரியவில்லை. பிறகு காலணியை மாட்டிக்கொண்டு நீலச் சேலைக்குப் பின்னால் போய் நின்றார், நாலடி தள்ளி.

அவர் முறை வரும்போது மணி நாலரை. இசக்கி கைகொடுத்து ஏற்றிவிட்டாள். தலையணையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கி, ஊதினார்.

ஒன்பது நொடி.

"வாகனத்துக்குத் தொற்று" என்றது வாயில். "தொற்றுள்ள மூச்சு சாவியாக ஏற்கப்படாது. பதினான்கு நாள் கழித்து வரவும்."

தட்டில் விழுந்த மூக்குத்தூவியைப் பேச்சித்தாய் எடுத்து நிறைமதியின் கையில் வைத்தாள்.

"அண்ணாந்து அடிங்க. எரியும். பயப்படாதிய."

ஆணையர் நிறைமதிக்கு அன்று காய்ச்சல் வந்ததாக நகரப் பதிவில் எங்கும் இல்லை. ஒரு குப்பைவண்டிக்கு எழுபத்து நான்காம் முறை வந்தது என்றுதான் இருக்கிறது.

"எறங்குங்கம்மா" என்று பேச்சித்தாய் துடைப்பக்கட்டையால் பீப்பாயைத் தட்டினாள். "அடுத்த ஆளு நிக்கில்லா?"