கார்மொடி யாருக்கு?

“ஹலோ மிஸ்டர்... உங்க குடை என் நோட்டு மேல அழுவுது!”

திடுக்கிட்டுத் திரும்பினான் அவன். திரும்பிய வேகத்தில் குடையும் கூடவே திரும்பி, மிச்சமிருந்த தண்ணீரை அவள் மடியிலேயே கொட்டியது.

“ஐயோ... ஸாரிங்க, ஸாரி!”

“ரொம்ப நல்லாருக்கு. முதல்ல நோட்டு, இப்ப நானா?”

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆகஸ்ட் மழைக்கு நேரங்காலம் கிடையாது. பேஸ்பால் ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் கொட்டத் தொடங்கியதும் ஆடுகளத்தின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூரைக்கடியில் ஓடிவிட்டது. இரண்டே பேர் மட்டும் நகரவில்லை. இருவர் மடியிலும் நோட்டு. இருவர் பார்வையும் எதிரே ஆட்டக்காரர் கொட்டகையில் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்த டூயி கார்மொடி என்கிற பந்து பிடிக்கும் முப்பத்தொரு வயது கேட்சர் மேல்.

அவன் நோட்டில் நீல மையால் வட்டமிட்ட ஒரு பெயர் மழையில் கரைந்துகொண்டிருந்தது. அது அவள் கண்ணில் பட்டது. கோபத்தில் மனதில் படவில்லை. அவன் என்னவோ அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்கு முன் எங்கள் ஈரி ஏரி காட்டுமே... சாம்பலும் பச்சையும் கலந்த அந்த நிறம். திட்டு வாங்கும்போதுகூட இமைக்காமல் பார்க்கலாம் போலிருந்தது.

“என்ன பாக்கறீங்க?”

“இல்ல... துடைக்க ஏதாவது...” என்று பாக்கெட்டில் தேடியவன், கடைசியில் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினான். அதுவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஹேசலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

ஹேசல் நோவாக் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அது பிழைப்பு. அவள் உயிர் இருந்தது ஒரு கற்பனை பேஸ்பால் லீக்கில். இருபது பேர் சேர்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு நாற்பது பேராகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்கள் பெரிய லீக் மைதானத்தில் அடிப்பதெல்லாம் இவர்களுக்குப் புள்ளி; டொலீடோ மாதிரிச் சின்ன லீக் அணியில் அடிப்பது கணக்கில் வராது. எண்ணூறு பேரையும் அள்ளிக்கொண்டு போனபின் மிச்சம் என்ன இருக்கும்? வெய்வர் என்கிற உதிரிப் பட்டியல்தான். யாருக்காவது எலும்பு முறிந்தால் அந்த உதிரிகளுக்குள்தான் துழாவ வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! அந்த இலுப்பைப்பூவை முதலில் மோப்பம் பிடிப்பவர் பிழைத்தார்.

மழை விடுவதாக இல்லை. பரிகாரமாக அவன் ஹாட் டாக் வாங்கி வந்தான். பெயர் வெஸ்லி டேட், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், டொலீடோவுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, இங்கே யாரையும் தெரியாது என்றான். அவளும் தன் பெயரைச் சொன்னாள்.

“ஆட்டமே நின்னு போச்சு. இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டான்.

“நீங்க யாருக்கும் சொல்ல மாட்டீங்களே?”

“சொல்றதுக்குத்தான் எனக்கு இங்க யாருமே இல்லியே!”

அவள் கண்கள் பளபளத்தன. “கார்மொடிக்குக் காயம் இல்ல. போன வாரம் நல்லாவும் அடிச்சான். ஆனா இன்னிக்கு ஆடற லிஸ்ட்டுல பேரில்ல. ஏன்? இவங்களுக்கு மேல இருக்கற பெரிய லீக் டீம் கேட்சருக்கு நேத்து கட்டைவிரல் ஒடிஞ்சு போச்சு. இவனைக் கூப்பிடப் போறாங்க! அதுக்குள்ள அடிபட்டுடக் கூடாதுன்னு பெஞ்சுல பொத்தி வெச்சிருக்காங்க.”

“ஒரு ஆள் சும்மா உக்காந்திருக்கறதுலேருந்து இவ்வளவு கண்டுபிடிச்சீங்களா?”

“நட்சத்திரத்தை யார் வேணா பாப்பாங்க. யாரும் பாக்காதவனைப் பாக்கறதுலதான் சார் ருசியே இருக்கு! எங்க லீக்ல கடைசி இடம் யாரோ அவங்களுக்கு சீசன் முடிஞ்சதும் கல்தா. இப்ப கடைசில ரெண்டு டீம் சமமா நிக்குது. ஒண்ணு என்னோட ஊறுகாய் ராணிகள். இன்னொண்ணு ஜூன்ல புதுசா வந்த ஏதோ ஒரு முசுடு...”

வெஸ்லிக்கு ஹாட் டாக் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அந்த முசுடு அவன்தான். யாரோ பாதியில் கைவிட்டுப் போன அணியை எடுத்து, ஓட்டைப் படகு என்று பெயர் வைத்து, பெரும்பாலோர் அணிப் பெயரிலேயே பேசும் லீக் அரட்டையில் தினமும் ஊறுகாய் ராணியை வம்புக்கு இழுப்பவன். புது ஊரில் காலையில் அவன் வாய்விட்டுச் சிரிக்கக் காரணமே அந்த வம்புதான். இப்போதே சொல்லிவிட வேண்டும்... சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடுமே... இன்னும் ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்...

அந்த ஒரு நிமிஷத்தில்தான் குடி முழுகியது. சாரல் அடிக்கிறதே என்று ஹேசல் அவன் நோட்டை எடுத்து உள்பக்கமாக நகர்த்தி வைத்தாள். அட்டையில் ஒரு படகு. அடியில் ஓட்டை.

“நீங்கதானா?” குரல் உள்ளே போயிருந்தது. “நீ... நீதானா அது?”

“ஹேசல், நான் சொல்லத்தான்...”

“எப்ப? புதன்கிழமை கார்மொடியை அமுக்கினதுக்கு அப்புறமா? சிரிக்கச் சிரிக்கப் பேசி, ஹாட் டாக் வாங்கிக் குடுத்து, என் வாயைக் கிளறிட்டியே!”

“எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்காகத்தான் நானும் வந்தேன்.”

“ஆமா ஆமா... பூனையும் பால் குடிக்காது!”

கொட்டுகிற மழையில் விடுவிடுவென்று நடந்தாள். வெஸ்லி விரித்த குடையோடு பின்னாலேயே ஓடினான். அவள் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

எங்கள் லீக்குகளில் உதிரி ஆளைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. புதன் காலை ஒன்பது மணிக்குள் அவரவர் ரகசியமாகப் பெயர் கொடுத்துவிட வேண்டும். கடைசி இடத்துக்காரருக்கே முதல் உரிமை. இருவர் சமமாக நின்றால், லீக் தலைவர் இரண்டு பேரையும் சீட்டில் எழுதி, தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுப்பார். பிறகு யார் யார் எவனைக் கேட்டார்கள் என்ற முழுப் பட்டியலும் ஊரறிய வெளியாகும். தலைவர் வேறு யாருமில்லை, ஹேசலின் அப்பா ஸ்டான் நோவாக். சொந்த மகளையே இடமில்லை என்று ஆறு வருஷம் காக்கவைத்துச் சேர்த்த மகானுபாவர். “கடைசில வந்தா பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்க மாட்டேன்” என்று இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

திங்கள் முழுக்க ஹேசல் கொதித்தாள். செவ்வாய் மாலை, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தன் நோட்டுத் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. அன்று குடை சொட்டிய முதல் நொடி... அவன் நோட்டில் கரைந்துகொண்டிருந்த அந்த நீல வட்டம்... உள்ளே இருந்தது கார்மொடி! அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதியிருந்த பெயர்!

அடக் கடவுளே... உண்மையைத்தான் சொன்னானா? இங்கே யாருமே இல்லை என்றானே... அவனுக்கு இருக்கிறதே இந்தப் பத்தொன்பது பேர்தானே? மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எந்த முகத்தோடு? நோவாக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்... ஒரு விரல்கூடத் தேவைப்படாது. வாயால் கேட்க வராததை அவள் கையால் செய்தாள். லீக்கில் கேட்டுக் கொடுத்திருந்த கார்மொடி பெயரை அழித்தாள். இதனால் லீக்கிலேயே இடம் போனாலும் போகலாம். ஆறு வருஷம் காத்திருந்த இடம் அல்லவா!

புதன் காலை. நோயாளி ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்க, ஹேசல் மேஜைக்கடியில் போனைப் பார்த்தாள்.

‘டூயி கார்மொடி: ஸ்டான் நோவாக்குக்கு. வேறு யாரும் கேட்கவில்லை.’

அப்பாவா? பதினெட்டாவது இடத்தில் இருக்கிற அப்பாவா? அரட்டை அதற்குள் களைகட்டிவிட்டது. “கடைசி ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?” என்றார் ஒருவர். “சும்மா ஒப்புக்குக் கேட்டு வெச்சேன்... பழம் நழுவிப் பால்ல விழுந்திடுச்சு!” என்று குதித்தார் ஸ்டான்.

ஹேசல் பட்டியலை மேலும் கீழுமாக மூன்று முறை தேடினாள். ஓட்டைப் படகு எங்குமே இல்லை. ஒரு பெயர் இல்லாமல் போனதற்கு இப்படியா நெஞ்சு அடித்துக்கொள்ளும்! அவன் நம்பர்கூட அவளிடம் இல்லை. பேச வேண்டுமென்றால் இந்த அரட்டையில்தான் பேச வேண்டும்... பதினெட்டு பேருக்கும் நடுவில்... அப்பாவுக்கும் நடுவில்...

போகட்டும் மானம்!

“ஓட்டைப் படகு, நீ ஏன் கேக்கல?”

பதில் உடனே வந்தது.

“ஊறுகாய் ராணி, நீங்க ஏன் கேக்கல?”

“ஒரு மணிக்கு மைதான வாசலுக்கு வா. நேர்ல சொல்றேன்.”

“ஏம்மா... இங்க என்ன நடக்குது?” என்று ஸ்டான் கேட்பதற்குள் ஹேசல் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

கூரையில் ‘பழகுநர்’ பலகை வைத்த கார் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றிருந்தது. இறங்கியவனைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

“நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான்... அழிச்சிட்டேன்.”

“உங்க ஆறு வருஷக் கதையை அரட்டைல படிச்சிருக்கேன். அதை எப்படிங்க என் கையால பறிக்கறது? நானும் அழிச்சிட்டேன்.”

“லூசு!”

“நீங்க மட்டும்?”

இருவரும் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார். செப்டம்பர் முழுக்க அந்தச் சிரிப்பு தொடர்ந்தது. காலையில் அரட்டையில் சண்டை, மாலையில் ஏரிக்கரையில் நடை. ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனதென்று இருவருக்குமே தெரியாது. ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் வெஸ்லி சொல்லவே இல்லை. கடைசியில் நிற்கிறவன் எந்த முகத்தோடு சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

பெரிய லீக்குக்குப் போன கார்மொடியோ ஸ்டானுக்காக நாலு ஹோம் ரன் அடித்துத் தள்ளினான். கடைசி நாள் கணக்கில் ஊறுகாய் ராணிகளுக்குப் பத்தொன்பதாம் இடம். ஒரே ஒரு புள்ளி குறைந்து ஓட்டைப் படகுக்கு இருபதாம் இடம்.

அக்டோபர் முதல் ஞாயிறு, ஸ்டானின் கார் ஷெட்டில் லீக் முழுவதும் கூடியிருந்தது. முட்டைக்கோஸ் சுருளும் பீருமாக ஒரே அமர்க்களம். ஸ்டான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சட்டம்னா சட்டம்தான். வெஸ்லி டேட், வெளியே” என்றார். சொல்லும்போது அவர் முகமே கொஞ்சம் வாடியிருந்தது.

வெஸ்லி எழுந்து எல்லோரிடமும் கை குலுக்கினான். ஹேசலிடம் வந்தபோது கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

“லீக் போனது வருத்தம்தான் ஹேசல்... ஆனா அது பெருசில்ல. நாளைக்குக் காலைல உன்கிட்ட வம்பு பண்ண எனக்கு என்ன சாக்கு இருக்கு? அதை நெனச்சாத்தான்...”

“சாக்கு எதுக்குடா?” அவள் கண் நிறைந்துவிட்டது. “என் டீம்ல பாதி எடுத்துக்கோ. அப்பா, ஒரு டீமை ரெண்டு பேர் நடத்தலாமா?”

ஸ்டான் தாடையைச் சொறிந்தார். “நடத்தலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே பேச்சா வரணும். உங்களால முடியுமா?”

“முடியாது!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஷெட்டே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே வெஸ்லி அவள் காதருகே குனிந்தான். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னான்.

“ஐ லவ் யூ, ஹேசல்.”

காது மடல்வரை சிவந்தாள் அவள். அவன் கையை விடவில்லை.

“எனக்குக் கேட்டுச்சு... அப்பாவுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு!”

சொன்னான். சத்தமாகவே சொன்னான்.