மாடியிலிருந்து பூட்டுகிறவன்

அவள் திறந்துவிட்ட கோப்பு, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டது.

பிற்பகல் மூன்று மணி. அந்த வீட்டில் மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு லினக்ஸ் கணினிகள். தம்பி மாடிக் கணினியில் வைத்திருக்கும் படங்களைக் கீழிருந்து திறந்தால் 'அனுமதி இல்லை' என்றே வருகிறது என்று அண்ணன்காரர் கடைக்குப் போன் செய்திருந்தார். பழுது பார்க்க வந்தவளுக்கு இது கால் மணி நேர வேலை. இந்தக் கணினிகள் ஆளைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறியும். எண் மாறியிருக்கும் என்று நினைத்தாள். எண்கள் சரியாகவே இருந்தன. யாரோ ஒவ்வொரு கோப்பையும் தனக்கு மட்டும் என்று பூட்டியிருந்தார்கள்.

அவர் தந்த கடவுச்சொல்லால் கீழிருந்தே மாடிக் கணினிக்குள் நுழைந்து மீண்டும் திறந்தாள். மீண்டும் பூட்டிக்கொண்டது. அப்போதுதான், மின்விசிறியின் இரைச்சலுக்கும் தெருவில் போகும் வண்டிகளின் சத்தத்துக்கும் அடியில், தலைக்கு மேலே யாரோ ஒற்றை விரலால் தயங்கித் தயங்கி விசைகளைத் தட்டுவது அவள் காதில் விழுந்தது.

"உங்க தம்பி மேல இருக்காரா சார்?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"காலையிலயே அவன்கிட்ட பேசி முடிச்சாச்சேம்மா."

படியேறிப் போனார். கனமான எதுவோ, மெத்தையில் விழுவதுபோல, நாலைந்து முறை விழுந்தது. தட்டும் சத்தம் நின்றது. முழங்கை வரை கழுவிய ஈரத்தோடு இறங்கி வந்து, இப்போது திறந்து பார்க்கச் சொன்னார்.

திறந்தது. 'அண்ணி' என்று பெயரிட்ட கோப்புறை. முதல் படத்தில் ஒரு பெண்ணின் கழுத்து. அதில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. முந்தாநாள் தேதி.

எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அதற்குள் மேலே ஒரு தட்டு. அடுத்த படம் பூட்டிக்கொண்டது.

அவர் சமையலறைக்குப் போய் வெட்டுக்கத்தியோடு வந்தார். படியேறினார். அவள் வாசலுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. சாவி அவரிடம்.

மேலே எலும்பு முறியும் சத்தம்.

ஒருமுறை.

இன்னொருமுறை.

நிதானமாக இறங்கி வந்தார். சட்டையெல்லாம் தெறிப்பு. துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார்.

இரண்டு கைகள். மணிக்கட்டோடு. விரல்கள் எப்போதோ விறைத்து, நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"இனி எதை வச்சுத் தட்டுவான்? திற."

திறந்தாள்.

பூட்டிக்கொண்டது.

மேஜையில் கைகள் அசையவில்லை. மேலே, பத்து விரல்களும் ஓடுவதுபோல, தயக்கமே இல்லாமல், விசைகள் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தன.