அத்தை ஏற மறுத்த வண்டி

"ஊரே சிரிக்கிற மாதிரி ஒரு வண்டி! இதைத்தான் தேடிப் பிடிச்சியா?"

காப்பிக் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தாள் குன்வோர். அவள் மருமகள் சோல்வே அடுப்பில் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே, மொன்டானாவின் பனியில் அந்தச் சாம்பல் நிறப் பிக்கப் வண்டி நின்றது. இன்ஜின் உறையாமலிருக்க அதிலுள்ள சூடேற்றியை இரவெல்லாம் மின்கம்பியில் மாட்டி வைத்திருந்தாள்.

கணவன் ஹால்வர் கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால், குளிருக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளுடையதாயிற்று. கொழுந்தன் டோலெஃபின் சிவப்பு வண்டியைப் போல, உயரமாய், அகலச் சக்கரத்தோடு ஒன்று வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கொண்டுவந்ததோ பழைய வண்டி. அதற்கு ஒடுங்கிய டயர்களை மாட்டி, பின்பக்கம் பாரத்துக்காக ஆறு மணல் மூட்டைகளையும் அடுக்கியிருந்தாள்.

"அத்தை... அகல டயர் பனிமேல மிதக்கும். ஒல்லியா இருந்தாத்தான் பனியை வெட்டிட்டுத் தரையைப் பிடிக்கும்..."

"அண்ணி மெக்கானிக் ஆயிட்டாங்க!" என்று சிரித்தான் டோலெஃப்.

"சும்மா இருங்க" என்று அவன் கையைத் தட்டினாள், நிறைமாதமாயிருந்த அவன் மனைவி ராக்னா.

"உங்கப்பாவோட குதிரைச் சேணத்தையும் காணோம்" என்று சோல்வேயை மறுபடி பிடித்துக்கொண்டாள் குன்வோர். "பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டியாக்கும்! அந்த வண்டியில நான் காலே வைக்க மாட்டேன்!"

சோல்வேயின் கண்கள் நிறைந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அப்பத்தை ஊற்றினாள். உண்மையைச் சொன்னால், தான் படுக்கையில் கிடப்பதால்தானே இப்படி ஆயிற்று என்று ஹால்வர் தன்னையே நொந்துகொள்வானே...

பத்து மணிக்கு ராக்னாவுக்கு வலி கண்டது. டோலெஃப் அவளைச் சிவப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தான். சற்று நேரத்தில் தொலைபேசி அலறியது.

"அம்மா! ஓடை வளைவுல சறுக்கிப் பள்ளத்துல இறங்கிட்டோம்... அடி இல்ல. ஆனா வலி நெருங்கிடுச்சும்மா!"

குன்வோர் உடைந்துபோய் நின்றாள். சோல்வே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"ஏறுங்க அத்தை!"

ஏறினாள்.

வளைவில், பக்கத்துப் பண்ணை அமோஸ் டிராக்டரோடு வந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். சோல்வே ராக்னாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றினாள். டோலெஃப் பின்பக்கம் மணல் மூட்டைகளின் மேல் தாவி ஏறினான்.

அமோஸ் ஜன்னலோரம் குனிந்து, "பயப்படாதீங்க குன்வோர்" என்றார். "இந்த வண்டியில இருக்கிறது பனிக்குன்னே ஆணி வச்ச டயர், என்னோடதுதான். அவங்கப்பா சேணத்தைக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போச்சு இந்தப் பொண்ணு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுச்சு... நான் ஒரு ஓட்டைவாய்!"

குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரிவில் வண்டி மெல்ல, ஆனால் சறுக்காமல் இறங்கியது. "கர்த்தாவே, கர்த்தாவே..." என்று முனகியபடி ராக்னாவின் தலையைத் தாங்கியிருந்தாள் குன்வோர். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பத்தே நிமிடம்... குழந்தை வீறிட்டது!

தாழ்வாரத்தில் குன்வோர் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"காலையில என்னென்ன பேசினேன்... ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"அவர் காதுல விழுந்துடுமேன்னுதான் அத்தை..."

இருவரும் அழுதார்கள். பின்னால் டோலெஃப் தொப்பியைத் திருகியபடி நின்றான்.

"அண்ணி... அமோஸ்கிட்ட இன்னொரு செட் டயர் இருக்குமா?"

"முதல்ல சேணம் வீட்டுக்கு வரணும்டா!" என்று கண்ணைத் துடைத்தாள் குன்வோர். "அதுக்குப் பதிலா, பனி உருகுற வரைக்கும் அமோஸுக்கு நானே லெஃப்சே ரொட்டி சுட்டுப் போடறேன். தனிக்கட்டை, பாவம், வேணாம்னா சொல்வாரு?"

திரும்பும்போது இருக்கையிலிருந்த வைக்கோலைத் தன் கையாலேயே தட்டிவிட்டு, மருமகள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மெதுவாவே போம்மா. நல்ல வண்டி இது."