எந்தப் பிரிவு?

மாதங்கிக்கு மருத்துவமனை வேலை கிடைத்ததே அவள் மறந்துபோனவற்றால்தான்.

கூர்ப்பதியம் வந்தபின் மனநல மருத்துவர்கள் யாரும் சிறப்புப் பயிற்சிக்காக வருடக்கணக்கில் அலைவதில்லை. அதன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் படுத்தால் போதும், ஒரே ஒரு துறையின் அனுபவம் முழுவதும் மூளையில் இறங்கிவிடும். அதற்கு இடம்விட்டு, மற்ற துறைகளில் படித்ததெல்லாம் வெளியேறும். பதியம் இல்லாத டாக்டரை எந்த மருத்துவமனையும் வாசற்படி ஏற விடாது. மாதங்கி பிரசவ மனநலத்தைப் பதித்துக்கொண்டாள். ஒரு தாய் குழந்தையைக் கையில் வாங்கும் விதத்தைப் பார்த்தே அந்தத் தாயின் மனதைச் சொல்லிவிடுவாள். திருச்சியில் அவளுக்கு நல்ல கிராக்கி.

கூடப் படித்துக் கணவனானவன் தென்னவன். அவன் பதியத்துக்கு மறுத்துவிட்டான். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு நான் யாருக்கு வைத்தியம் பாக்குறது?" நேர்காணல்களில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவன் பேசுவதில்லை. தட்டில் சோறு காய்ந்து கிடக்கிறது. அப்பா தந்த கைக்கடிகாரத்தை நேற்றுக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். இதைப் படித்திருக்கிறோம் என்று மாதங்கிக்குத் தெரிந்தது. என்ன படித்தோம் என்பதுதான் இல்லை.

நோயாளிகளைத் துறைவாரியாக அனுப்பும் பிரிப்பானை அழைத்தாள்.

"எந்தப் பிரிவு?" என்றது இயந்திரம்.

"தெரியல. நீயே பாத்துச் சொல்லேன்."

"பரிந்துரைக்கும் மருத்துவரே பிரிவைச் சொல்ல வேண்டும்."

உடன் வேலை செய்பவர்களைக் கேட்டாள். எல்லாரும் ஒரே பாட்டுதான்: "நம்ம பிரிவு இல்லம்மா." எல்லாப் பிரிவும் தெரிந்த டாக்டர் என்று அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான் மிச்சம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

எதிரே போய் உட்கார்ந்தாள். "ஒரு கேஸ். வேலையில்லாதவர். சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல. ஆசையா வச்சிருந்த பொருளை யாருக்கோ குடுத்துட்டார்."

தென்னவன் நிமிர்ந்தான். "தூக்கம் எப்படின்னு கேட்டியா?"

அவர்கள் தொழிலில் முதல் கேள்வியே அதுதான். அதுகூட அவளிடமிருந்து போயிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுடறார்."

"கடுமையான மனச்சோர்வு. சாகத் தயாராகிட்டிருக்கார், மாதங்கி. இன்னிக்கே சேர்க்கணும். தனியா விடவே கூடாது. கூட யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

தென்னவன் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். "சரி" என்றான்.

அவன் கையைப் பிடித்தபடியே மாதங்கி பிரிப்பானிடம் சொன்னாள்: "மனச்சோர்வு. அவசரம்."

"கண்டறிந்தவரின் பதிய எண்?"

"பதியம் இல்ல. ஆனா டாக்டர்."

"பதியம் இல்லாதவர் மருத்துவர் அல்ல. எந்தப் பிரிவு?"

மாதங்கிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் எண்ணைக் கொடுத்து, அது செல்லுபடியாகும் ஒரே பிரிவைச் சொன்னாள். "பிரசவ மனநலம்."

"ஏற்கப்பட்டது. படுக்கை தயார்."

நோயாளி ஆணா பெண்ணா என்று அது கேட்கவில்லை. இருவரும் கிளம்பினார்கள். அங்கே அவனுக்கு என்ன மருந்து எழுதுவதென்று அவளுக்குத் தெரியாது. அவனையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.