களம் காலிங்களா?

மழைக்குக் கொஞ்சங்கூட மரியாதை தெரியாது. மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில்... காங்கேயத்துக்கு வெளியே பாலுசாமியின் களம் முழுக்க, உடைத்துப் போட்ட தேங்காய் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டு நிமிர்வதற்குள் மேற்கே கறுத்துக் காற்று புரட்டியெடுக்க ஆரம்பித்துவிட்டது.

கொப்பரைக் களத்தில் மேகம் கறுத்தால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, தேங்காயைத் தள்ளிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். பாலுசாமியின் ஒரே மகள் புவனா, படித்த எம்.பி.ஏ.வை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவன் வர வேண்டும்?

திறந்து கிடந்த கேட் வழியாகச் சிவப்பாக ஒரு கார் உள்ளே நுழைந்தது. கார் என்று பேர்தான்... இடுப்பு உயரங்கூட இல்லை. தலைக்கு மேலே கூரை இல்லை. ரெண்டு பேர் உட்காரும் வண்டியில் ஒரு சீட்டைக் கழற்றி வேறு வைத்திருந்தான் அந்த மகராசன். முகத்தில் வழிகிற தண்ணியைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, மழை நிக்கற வரைக்கும் காரை உங்க ஷெட்டுல உடட்டுங்களா?" என்றான்.

புவனாவுக்கு வந்ததே கோபம். "கார் நனைஞ்சாத் தொடைச்சுக்கலாமுங்க. கொப்பரை நனைஞ்சாத் தொடைக்க முடியாதுங்க. எறங்கி அந்த முனையைப் புடிங்க."

வேறு யாராவதாக இருந்தால் முறைத்திருப்பார்கள். இவன் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்தான். காற்று அவனையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. ஒரு தடவை வழுக்கி முட்டி போட்டான், முனையை மட்டும் விடவில்லை. கடைசிக் குவியலையும் மூடிவிட்டு ஷெட்டுக்குள் வந்து நின்று திரும்பிப் பார்த்தால்... கார் தண்ணித் தொட்டி ஆகியிருந்தது. புவனாவுக்குத் திக்கென்றது. அவனோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இமையில் மழைத்துளி தொங்க, கண்ணெல்லாம் சிரிப்பு.

ஐயோ, இவன் ஏன் இப்படிச் சிரிக்கிறான்... நான் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?

பெயர் கிருபாசங்கர். கோயமுத்தூர் கணபதியில் வீடு, பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதைத் தானே பிரித்து மேய்ந்து, போட்டிக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறானாம். எடை குறையக் கூரையையும் சீட்டையும் கழற்றி, ஸ்ப்ரிங்கை இறுக்கி, டயரை மாற்றி... இதெல்லாம் பெரிய ரேஸ் இல்லையாம். தன்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டுவைத்து, அதற்குள் வளைந்து வளைந்து ஒவ்வொருவராக ஓட்டிப் பார்ப்பார்களாம். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவருக்குக் கப்பு. இதைச் சொல்லும்போதே அவன் பார்வை மழையில் பளபளத்த களத்தின் மேல் போனது. மேடு பள்ளமில்லாத சிமெண்டுத் தரை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளை இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

தார்ப்பாய் பிடித்த கதையைக் கேட்ட பாலுசாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கிறது, வந்து ஓட்டிக்கொள்ளுங்கள் தம்பி, ஒரு போன் மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் புவனாவின் போன் அடிக்கும்.

"களம் காலிங்களா?"

"காலிதானுங்க."

"அப்ப வாரேனுங்க."

பேச்சு இவ்வளவுதான். இதற்காக அவள் மத்தியானத்திலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரிடம் போய்ச் சொல்வது!

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் டின்களைக் கூம்புகளுக்குப் பதிலாக வைத்து ஓட்டுவான். ஒவ்வொரு வாரமும் வண்டியில் எதையாவது மாற்றிக்கொண்டு வருவான். ஒரு வாரம் ஸ்ப்ரிங், ஒரு வாரம் பிரேக், அடுத்த வாரம் ஸ்டீயரிங். நேரம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. டின்கள்தான் பாவம், நசுங்கிக்கொண்டே இருந்தன.

ஷெட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த புவனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க... நீங்க வண்டியை மாத்தறதைக் கொஞ்சம் நிறுத்திப்போட்டு, உங்களை மாத்திப் பாருங்களேன்," என்று சொல்லிவிட்டாள். திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதிக்கிறான், அதனால்தான் பின்பக்கம் வழுக்குகிறது, நேராக வரும்போதே மிதித்து முடித்துவிட்டு அப்புறம் திரும்பக் கூடாதா என்று கேட்டாள். இன்னொன்றும் சொன்னாள். அவன் பார்வை எப்போதும் பக்கத்து டின் மேலேயே இருக்கிறது, அது மேல்தான் போய் முட்டுகிறான்.

கிருபா வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அவள் சொன்னபடி ஒரு சுற்றுப் போய்வந்தான். ஒரு டின்கூட விழவில்லை. வேகம் குறைந்தும் நேரம் கூடவில்லை, குறைந்திருந்தது.

அடுத்த வாரம் வந்தபோது வண்டியில் பக்கத்து சீட்டு திரும்ப ஏறியிருந்தது.

"எடை கூடுமேங்க?" என்றாள் புவனா.

"கூடட்டுமுங்க. நீங்க அங்க நின்னு சொன்னா எனக்குக் காதுல உழுகறதில்லீங்க... பக்கத்துல இருந்து சொன்னீங்கன்னா..." அவன் காது மடல் சிவந்துபோனது. புவனாவும் குனிந்து பெல்ட்டை மாட்டுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளையும் ஓட்டச் சொன்னான். களத்தில் டிராக்டர் ஓட்டிய கைக்கு அந்தக் குட்டிக் கார் முயல் குட்டி போலத் துள்ளியது. அவள் சிரித்த சிரிப்பில் ஷெட்டு மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

மழைக்காலம் முடிந்தது. ஆகாயம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. இனிமேல் ஞாயிறு, திங்கள் என்று பார்க்காமல் களம் நிறையத் தேங்காய் கிடக்க வேண்டும். சனிக்கிழமை போன் வந்தது. களம் காலிங்களா? புவனா ஜன்னல் வழியே பார்த்தாள். ஷெட்டில் உடைத்த தேங்காய் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. தகதகவென்று வெயில்.

"காலிதானுங்க," என்றாள்.

நம்ப முடிகிறதா? கொப்பரைக் குடும்பத்தில் பிறந்து, வெயிலைக் கண்டால் கும்பிடுகிற வீட்டில் வளர்ந்த பெண் செய்கிற வேலையா இது? ஆட்களுக்கு லீவு கொடுத்தாள். அப்பாவிடம் தேய்ந்த தரையைப் பூசப் போகிறேன் என்று ஒரு பொய். அடுத்த வாரம் வேறொரு பொய். களம் சும்மா வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, தேங்காய் உள்ளே கிடந்து புழுங்கியது.

இதற்கு நடுவில்தான் பெருந்துறைச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், நூல் மில்லு வைத்திருக்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா சாந்தாமணி சாதம் போடும்போது கேட்டாள், தலை பின்னும்போது கேட்டாள். என்ன சொல்லட்டும் கண்ணு?  புவனாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷன் வாராவாரம் வருவது களத்துக்கா... எனக்கா?

பதில் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர் எடுத்துக்கொண்டு வந்தவள், காருக்குப் பின்னால் அவன் போனில் பேசுவதைக் கேட்டாள். எதிர்முனையில் அவனுடைய சிநேகிதன் கந்தப்பன். "அட, போடா... இந்தக் களத்துத் தரை மாதிரி நம்ம பக்கத்துல எங்கயும் இல்லடா. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வாரேன். வேற என்ன இருக்குது இங்க?"

வேற என்ன இருக்குது.

புவனா மோரைத் திண்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அழுகை வந்தது. தேங்காயைப் புழுங்கப் போட்டுவிட்டுக் காத்திருந்தவளுக்கு இது வேண்டியதுதான் என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை போன் அடித்தது.

"களம் காலிங்களா?"

"இல்லீங்க. இனிமே காலியாகாதுங்க."

 ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? சண்டை போட்டாலாவது பரவாயில்லையே... "சரிங்க," என்றான். "இத்தனை நாள் குடுத்ததே பெருசுங்க." வைத்துவிட்டான். நம்ம பக்கத்து மரியாதையில் இடி விழ!

அதற்கப்புறம் போன் வரவில்லை. களம் நிறையத் தேங்காய் காய்ந்தது. புவனாதான் வாடிப்போனாள்.

ஷெட்டின் அடியில் கிடந்த குவியலைப் பாலுசாமி கிளறிப் பார்த்த அன்றைக்கு விஷயம் உடைந்தது. ஒரு தேங்காய் மூடியை எடுத்து மோந்து பார்த்தார். பச்சையாகப் பூசணம். பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் யாரு என்று கேட்டார். புவனாவால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அந்தப் போன் பேச்சு உட்பட. சொல்லும்போதே கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது.

பாலுசாமி திட்டவில்லை. கையிலிருந்த மூடியைக் குப்பைக் கூடையில் போட்டார். "இத்தனை ஞாயித்துக்கெழமை வெயிலை வீணாக்கியிருக்கற. அந்தத் தம்பிக்கு அது தெரியுமா அம்மணி?"

"தெரியாதுங்கப்பா."

"அவன் மனசுல இருக்கறதை அவன் வாயால கேட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப நெசமாவே வீணாத்தான் போச்சு," என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி, நாளைக்குச் சூலூர்ப் பக்கம் அவனுக்குப் போட்டியாமே, காரை எடுத்துக்கொண்டு போ, பெருந்துறைக்காரங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ளே பதில் சொல்லியாகணும் என்றார்.

மைதானத்தில் ஒரே புழுதியும் சத்தமும். புவனா போய்ச் சேரும்போது சிவப்புக் கார் வரிசையில் ரெண்டாவதாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே பெல்ட்டால் கட்டுண்டு, ஹெல்மெட்டோடு கிருபா. அவளைப் பார்த்ததும் அவசர அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

யோசித்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். "மழை நின்னதுக்குப் பொறகு களம் ஒரு ஞாயித்துக்கெழமைகூடக் காலியா இல்லீங்க," என்றாள். "நீங்க வரோணும்னு நாந்தான் காலி பண்ணி வெச்சேன். உள்ள கெடந்து தேங்காயெல்லாம் பூசணம் புடிச்சுப் போச்சு. நீங்க தரைக்குத்தான் வாரேன்னு போன்ல சொன்னதையும் கேட்டேன், ஆனாலும் இதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

கிருபா வாயைத் திறந்தான்... முன்னால் நின்ற கார் கிளம்பிவிட்டது. கொடிக்காரர் இவனை முன்னே வரச் சொல்லிக் கை காட்டினார். பெல்ட்டை அவிழ்க்கப் போனவனை அவள்தான் தடுத்தாள். முதலில் ஓட்டிவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

அவன் ஓட்டினான் பாருங்கள்... அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த எல்லாமே அதில் இருந்தது. நேராக வரும்போது பிரேக், அப்புறம் திருப்பம், கண் அடுத்த கூம்புக்கு அப்பால். சிவப்பு வண்டி கூம்புகளுக்கு நடுவே நெளிந்து ஓடியது, ஒன்றையும் தொடவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் குரல் ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கு இதுதான் எல்லாவற்றிலும் குறைந்த நேரம் என்றார்.

முடிவில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். நேரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டி அந்தக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் ஓட்டியது கணக்கில் சேராது. கிருபா நிற்கவில்லை. கட்டத்தைத் தாண்டி, கையை ஆட்டிக் கத்திய கந்தப்பனைத் தாண்டி, கயிறு ஓரமாக நின்ற புவனாவின் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றான். மைக்கில் அவன் பெயரை நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க? கப்பு போச்சுங்களே," என்றாள்.

"போகட்டுமுங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "கணபதியில எங்க ஊட்டுக்குப் பின்னாடியே காலேஜ் மைதானம் இருக்குதுங்க. நல்ல தரை. மொதல்ல இருந்தே இருக்குதுங்க. சாவி வாட்ச்மேன்கிட்ட, கேட்டாக் குடுப்பாரு. எனக்கு உங்க களம் வேண்டியதே இல்லீங்க... கந்தப்பன் கேலி பண்ணறானேன்னு அவன்கிட்டத் தரையைப் பத்திச் சொல்லித் தப்பிச்சேன். உங்களைப் பாக்கோணும்னுதான் வந்தேனுங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத்தான் கேக்கோணும்னு போன் எடுப்பேன். வாயைத் தொறந்தாக் களம் காலிங்களான்னுதான் வருது."

புவனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரெண்டையும் அடக்காமல், அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா... பெருந்தொறைக்கு வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

எதுக்கு, யாரு என்று அம்மா கேட்கவே இல்லை. மத்தியானத்துக்கு அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வாயேன், கோழி எடுத்தாரச் சொல்லட்டுமா என்றுதான் கேட்டாள். அப்பா, அம்மா, களத்து ஆட்கள்... எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது இந்த ரெண்டு மரமண்டைகளுக்கு மட்டும்தான்.

போனை வைத்தாள். இத்தனை நாள் ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்த அந்தக் கண்களை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். தலை குனியவில்லை.

"எனக்கு உங்களை நெம்பப் புடிச்சிருக்குதுங்க," என்றாள்.