நெருஞ்சி பார்க்கும் திசை

சுவரில் ஒட்டியபோது படத்தில் இருந்த பூக்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் பிரின்சிக்குச் சந்தேகம் இல்லை. இருக்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை மாலை ஓவிய வகுப்பு முடிந்து வந்து, விளக்கைப் போட்டு, பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நெருஞ்சிப் பூக்களும் சமையலறைப் பக்கம் முகம் திருப்பியிருந்தன. அங்கே அவள் கணவன் ஸ்டீவன் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தமும், எங்கிருந்தோ வந்த ஈர மண் வாசனையும் அந்தச் சின்ன வீட்டை நிறைத்திருந்தன. வெளியே மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

தப்பாக வரைந்திருப்பேன் என்று நினைத்தாள். வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் வரையும் காது கடலைப்பருப்பு மாதிரி இருக்கிறது என்று சாரே சிரிக்கிறார்.

வகுப்பு மணவாள நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கும். போன வாரம் சார் ஒரு வேலை கொடுத்திருந்தார். "தலையில வெக்காத பூ, சாமிக்குப் போடாத பூ, கடையில விக்காத பூ. அதுல ஒண்ணத் தேடிப் போங்க. பறிச்சிகினு வந்து வரையாதீங்க. அது பக்கத்துல ஒக்காந்து வரைங்க."

உடன் படிக்கும் மோனிகாவுக்குத் தேர்வாய் கண்டிகையில் வேலை. "எங்க கம்பெனிக்குப் பின்னாடி வா. மஞ்சளா கெடக்கு. பாத்தா ஆடிப்போய்டுவ" என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். யாரோ தொழிற்சாலை கட்டப்போவதாக மட்டம் தட்டி, பிறகு வராமலே போன நிலம் அது. பொக்லைன் பற்களின் வரிகள் இன்னும் காய்ந்து கிடந்தன. சுற்றிலும் செம்மண் வெடித்திருக்க, நடுவே ஓர் இடத்தில் மட்டும் நெருஞ்சி அடர்ந்து படர்ந்திருந்தது. ஓர் ஆள் கையைக் காலை நீட்டிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. தாளின் நீளத்துக்கு வாகாக இருக்கிறது என்று மட்டும்தான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

பெயிண்ட் டியூபில் இருந்த மஞ்சள், பிளாஸ்டிக் குடம் போலப் பளபளத்தது. அதனால் இதழ்களையே தாளில் தேய்த்தாள். மண்ணுக்கு அந்த மண்ணையே பாட்டில் தண்ணீரில் குழைத்துப் பூசினாள். திங்கட்கிழமை வகுப்பில் சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது உயிரோட இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்டினா வந்தாள். வாரம் தவறாமல் வருவாள். அவள் கணவன் அன்புராஜ், ஸ்டீவன் ஓட்டும் பொக்லைனில் மூன்று வருடம் உதவியாளாக இருந்தவன். போன வருடம் ஒருநாள் காணாமல் போனான். ஆந்திராப் பக்கம் எவளோடோ ஓடிவிட்டான் என்று முதலில் சொன்னது ஸ்டீவன்தான்.

"போன் எதாச்சும் வந்துச்சாண்ணா?"

"வரலம்மா" என்றான் ஸ்டீவன், தட்டைப் பார்த்தபடி.

"ரெண்டாவது குடித்தனம் வச்சிருந்தாகூட பரவால்ல. அட்ரஸ் குடுத்தாருன்னா போய் ரெண்டு சாத்து சாத்திட்டு வந்துடுவேன்." கிறிஸ்டினா சிரிக்கப் பார்த்தாள். பிறகு கண் சுவருக்குப் போயிற்று. "யக்கா, நீ வரைஞ்சதா? அத்தினி பூவும் அண்ணனையே பாக்குது பாரு. எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான். அண்ணன் மெஷின்ல ஒக்காந்துட்டா, கீழ நின்னு அவரு மூஞ்சியவே பாத்துகினு இருப்பாரு. எப்ப கை காட்டுவாரோன்னு."

ஸ்டீவன் சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து கை கழுவினான்.

அதன்பிறகு பிரின்சி கவனிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் பூக்கள் பார்க்கும் பக்கத்துக்குப் பென்சிலால் சின்ன அம்புக்குறி போட்டாள். போனில் படமும் எடுத்துவைத்தாள், தன் கண்ணை நம்பமுடியாமல். காலையில் ஸ்டீவன் உள்ளறையில் தூங்கும்போது அம்பு உள்ளறைக்குப் போனது. அவன் குளிக்கப் போனால் பின்கட்டுக்கு. அவை திரும்புவதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், துண்டை உதறி மடிப்பதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். நடக்கும்போது ஒரு சத்தம் மட்டும் கேட்கும். சுவருக்குள் எங்கோ மண் மெல்லச் சரிவது போல.

வியாழக்கிழமை மாலை பூக்கள் எல்லாம் வாசல் கதவைப் பார்த்தன. கதவுக்கு வெளியே தெரு சும்மா இருந்தது. மாவுக் கடையில் கிரைண்டர் ஓடியது. திருவள்ளூர் ஸ்டேஷனில் மின்ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டு அடங்கியது. அவள் நகரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தெரு முனையில் ஸ்டீவனின் பைக் திரும்பியது.

உள்ளே வந்து வீட்டுச் செருப்பில் கால் நுழைத்தவன் அலறிவிட்டான். உட்கார்ந்து குதிகாலில் இருந்து முள்ளைப் பிடுங்கினான். மூன்று கொம்புள்ள காய்ந்த முள்.

"இன்னாடி இது? ஊட்டுக்குள்ள நெருஞ்சி முள்ளு எப்டி வந்துச்சு?"

"என் பையில ஒட்டிகினு வந்திருக்கும்ங்க."

"எங்கருந்து?"

"மோனிகா கம்பெனிக்குப் பின்னாடி. மட்டம் தட்டிப் போட்டிருக்காங்களே, அங்க."

அவன் கை அப்படியே நின்றது. முள் நுனியில் ரத்தம் திரண்டு தரையில் விழுந்தது.

"அந்தப் பக்கம் உன்ன யாரு போவச் சொன்னது?"

குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஸ்டீவன் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தான். படம் அவனைப் பார்த்தது. அவன் எழுந்து, நொண்டியபடி, இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தான். நின்றான். மறுபடி வலப்பக்கம் நகர்ந்தான்.

இவருக்கும் தெரிகிறது, என்று நினைத்தாள் பிரின்சி. இவருக்கும் தெரிகிறது.

அவன் பாய்ந்து தாளைக் கிழித்தான். துண்டுகளை அடுப்பில் போட்டு எரித்தான். திரும்பி வந்தபோது, தாள் இருந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பில் மஞ்சள் ஊறியிருந்தது. ஒவ்வொரு பூவும். ஒவ்வொரு இதழும். அவன் பக்கம்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மண்ணு சரிஞ்சிடுச்சு பிரின்சி."

யார் மேல் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் அது வேறு யாராகவோ இருக்கலாம் என்று ஒரு நினைப்பு.

"பள்ளத்துல எறங்கி பைப்பு பாத்துகினு இருந்தான். நான் பாக்காம பக்கெட்டத் திருப்பிட்டேன். கரை ஒடைஞ்சி நெஞ்சு வரைக்கும் மூடிக்கிச்சு. மூஞ்சி மட்டும் வெளிய."

"உயிரு இருந்துச்சா?"

"என்னையே பாத்துகினு இருந்தான். நான் கை காட்டுவேன்னு."

"அப்புறம்?"

"போலீசு, கேசுன்னு ஆவும். மெஷின எடுத்துகினு போய்டுவாங்க. நமக்கு அப்பதான் கல்யாணம் ஆவி மூணு மாசம்." அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான், அங்கே நெம்புகோல்கள் இருப்பது போல. வலது கை தானாக மெல்ல முன்னே சாய்ந்தது. "மிச்ச மண்ணையும் தள்ளிட்டேன்."

சுவருக்குள் மண் சரிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. குதிகால் கறுத்து வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். ஓர் இரும்புத் தகட்டால் சுவரைச் சுரண்டினான். சுண்ணாம்புக்கு அடியில் செங்கல் தெரிந்தது, செங்கல்லிலும் மஞ்சள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சலோடு உள்ளறையில் படுத்தவன் அவளைக் கூப்பிட்டான்.

"இன்னிக்கு அவ வருவா. நீதான் பேசணும். நான் மாட்டிகினா நீயும் நடுத்தெருவுலதான்."

பிரின்சி சாயங்காலம்வரை யோசித்தாள். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால் இந்த வீடு போகும், கணவன் போவான், ஊர் இவளையும் சேர்த்துத்தான் பேசும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் யோசனை நகரவில்லை.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தபோது கேட் கிரீச்சிட்டது.

கிறிஸ்டினா படியேறவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யக்கா, இன்னிக்கு நான் அண்ணனக் கேக்க வரல. உன்னத்தான் கேக்க வந்தேன். பொம்பளைக்குப் பொம்பள சொல்லு. செத்துட்டாருன்னாகூட தாங்கிப்பேன். கல்லறத் திருநாளுக்குப் பூ போட ஒரு எடமாச்சும் இருக்கும்."

பிரின்சி வாயைத் திறந்தாள். உள்ளறையில் ஸ்டீவன் இருமினான்.

"ஆந்திராவுல, சத்தியவேட்டுல பாத்தாங்களாம்" என்றாள். "ஒரு பொம்பளையோட."

அவ்வளவு எளிதாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

கிறிஸ்டினா அழவில்லை. கேட் கம்பியில் விரல்கள் இறுகித் தளர்ந்தன.

"அவ பேரு இன்னாவாம்?"

"ரம்யாவாம்."

"ரம்யா." கிறிஸ்டினா அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "சரிக்கா. நல்லாயிரு."

அவள் தெரு முனை திரும்பும்வரை பிரின்சி வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள் இருட்டு. மண் வாசனை, மூக்கில் அடைக்கும் அளவுக்கு. உள்ளறையில் இருமல் சத்தம் நின்றிருந்தது.

போன் வெளிச்சத்தைச் சுவர் மேல் அடித்தாள்.

பூக்கள் உள்ளறையைப் பார்க்கவில்லை.

வாசலைப் பார்த்தன. அவள் நின்ற இடத்தை.

தப்பாகப் பார்க்கிறேன், என்றாள். சமையலறைப் பக்கம் ஓரடி வைத்தாள். மண் சரியும் சத்தம், இப்போது மிக அருகில். இந்த முறை அவை திரும்புவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"இன்னாங்க?"

உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, எழுந்திருங்க."

உள்ளறைக்குள் போனாள். காலடியில் நறநறத்தது. முள். கட்டிலில் ஸ்டீவன் மல்லாந்து கிடந்தான், நெஞ்சு வரைக்கும் போர்த்தியபடி. போர்வை இல்லை அது. செம்மண். ஈரமாக, புதிதாகத் தோண்டியது. முகம் மட்டும் வெளியே.

வெளிச்சத்தைத் தூக்கினாள்.

கண்கள் இருந்த இடத்தில் இரண்டு நெருஞ்சிப் பூக்கள் விரிந்திருந்தன. ஐந்து இதழ். மஞ்சள். மேலே கூரையைப் பார்த்தபடி.

பிரின்சி பின்னால் ஓரடி நகர்ந்தாள்.

அவை திரும்பின.